கடை அடைக்கும்போது கம்ப்யூட்டர் ஸ்விட்சையும் அணைக்க வேண்டுமா?

நமது சங்க உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது ஒரு புதுக் கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டரை இரவில் 'ஷட் டவுன்' செய்தால் மட்டும் போதுமா, சுவரில் உள்ள ஸ்விட்சையும் அணைக்க வேண்டுமா என்பதே அது. பகலில் வியாபாரம் மந்தமாக இருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் அதை என்ன செய்வது என்ற கிளைக் கேள்வியும் உண்டு. "ஆன் ஆஃப், ஆன் ஆஃப் என்று போட்டால் மிஷின் கெட்டுவிடும், ஓடட்டும் விடுங்கள்" என்று சர்வீஸ் செய்ய வருபவர் சொல்கிறார். "கரண்ட் பில் யார் கட்டுவது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நிற்கும் கடைக்காரர் நம்மிடம் வருகிறார்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இன்றைக்கு நம் கடைகளில் சரக்கு இருப்பு, வாராக் கடன், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துச் சிட்டையும் பேரேடும் கரையான் அரித்தால்தான் போகும். இன்றைய பேரேடு ஒரு ஸ்விட்சைத் தப்பான நேரத்தில் தட்டினால் போய்விடும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், ஷட் டவுன் செய்த பிறகும் கம்ப்யூட்டர் முழுவதும் அணைவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியின் பின்புறம் மின் ஒயர் சொருகும் இடத்தில் ஒரு சிறு மின்விசிறியோடு இருக்கும் தகர டப்பாவுக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. 1990-களின் நடுப்பகுதி வரை வந்த பெட்டிகளில் முன்பக்க பட்டனே நேராக மெயின் கரண்ட்டை வெட்டும். 'டக்'கென்று கனமாக விழும் பட்டன், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அது முதல் முன்பக்க பட்டன் வெறும் அழைப்பு மணிதான். அழுத்தினால், "எழுந்திரு" என்று உள்ளே ஒரு சைகை போகும். அந்தச் சைகையைக் கேட்க ஒருவர் விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒரு சிறு பகுதி, சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை இரவும் பகலும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடை அடைத்த பிறகும் கடைக்குள் படுத்திருக்கும் காவலாளி மாதிரி. சில பெட்டிகளில் ஷட் டவுன் ஆன பிறகும் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிவது இதனால்தான்.

அந்தக் காவலாளிக்கு எவ்வளவு சம்பளம்? இங்கேதான் பலரும் மிகைப்படுத்துகிறார்கள். ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டர் பெரும்பாலும் அரை வாட்டிலிருந்து 2 வாட் வரைதான் எடுக்கும். பழைய பெட்டிகளில் இன்னும் கொஞ்சம் கூடும். உலக அளவிலேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டு, எந்தச் சாதனமும் சும்மா இருக்கும்போது 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் யோசனை கூறியது. ஐரோப்பிய நாடுகளில் 2013 முதல், அணைத்த நிலையில் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

நமக்குக் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. வணிக இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்; உங்கள் ரசீதில் உள்ள விகிதத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இரவு 10 மணிக்குக் கடை அடைத்துக் காலை 7 மணிக்குத் திறக்கிறோம், 9 மணி நேரம். ஷட் டவுன் செய்து சுவர் ஸ்விட்சை மட்டும் விட்டுவிட்டால், 2 வாட் வீதம் ஒரு வருடத்துக்கு ஆறரை யூனிட். அறுபத்தைந்து ரூபாய். அதே கம்ப்யூட்டரை ஷட் டவுனே செய்யாமல் மானிட்டரோடு ஓடவிட்டுப் போனால், சும்மா நிற்கும்போதே 70 வாட் எடுக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு 230 யூனிட். இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். ஐந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. எந்த இடத்தில் பணம் ஒழுகுகிறது என்று இப்போது தெரியும். ஷட் டவுன் செய்வதே பெரிய மிச்சம். சுவர் ஸ்விட்ச் வெறும் கொசுறு. கொசுறுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு மூட்டையை விட்டுவிடக் கூடாது.

கொசுறையும் முழுதாகச் சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டரைவிட அதைச் சுற்றி இருக்கும் குட்டிச் சாமான்கள்தான் இரவில் அதிகம் தின்கின்றன. யு.பி.எஸ். சும்மா நிற்கும்போதே 8 வாட் எடுத்தால், அதே 9 மணி நேரக் கணக்கில் வருடத்துக்கு 26 யூனிட், 260 ரூபாய். இன்டர்நெட் பெட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவு. பில் பிரின்டர் அடாப்டர், பார்கோடு கருவி எல்லாம் தனி. ஆக ஒரு கடையில் சுவர் ஸ்விட்சை அணைப்பதால் வருடத்துக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய் மிஞ்சும். வேண்டாம் என்று சொல்லக்கூடிய தொகையும் அல்ல, அதை வைத்து வீடு கட்டவும் முடியாது.

அத்திப்பள்ளிப் பக்கமும் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெஸ்காம் மாதா மாதம் பில் போடுகிறது. நம் பக்கம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இரு கடைகளின் பில்லையும் அப்படியே அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு "ஓசூர் கடையில் கரண்ட் இரண்டு மடங்கு ஓடுகிறதே" என்று ஒருவர் மிரண்டு போய் நம்மிடம் வந்தார். யூனிட்டை 60 நாளுக்கும் 30 நாளுக்கும் வகுத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சரி, ஆன் ஆஃப் செய்தால் கெட்டுப்போகுமா? இந்தப் பேச்சு வெறும் வதந்தி அல்ல, ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. அறை நிறைய இருந்த பெரிய கம்ப்யூட்டர்களை யாரும் அணைப்பதே இல்லை. அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பிறகு வந்த ஹார்டு டிஸ்க்குகளும் நின்று கிளம்பும்போதுதான் அதிகம் தேய்ந்தன. ஆனால் மேஜைக் கம்ப்யூட்டருக்கான ஹார்டு டிஸ்க்குகளுக்கே 50,000 தடவை வரை நிறுத்திக் கிளப்பலாம் என்று தயாரிப்பாளர்கள் அளவு கொடுத்து வந்திருக்கிறார்கள். தினம் ஐந்து தடவை என்று வைத்தாலும் 27 வருடம் வரும். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருக்கப் போவது யார்? இப்போது பரவலாகிவிட்ட எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை.

மாறாக, ஓயாமல் ஓடுவதால் வரும் தேய்மானமும் உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கெப்பாசிட்டர் என்று சின்ன டின் மாதிரி சாமான்கள் இருக்கும். அவற்றுக்குள் உள்ள திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். சூடு 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளோரின் கணக்கு. மளிகைக் கடையில் இதற்கு இன்னொரு எதிரி தூசி. மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், ஆட்டா மாவு, சாக்கு நார் எல்லாவற்றையும் அந்தச் சிறு மின்விசிறி நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அரவை மிஷின் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடை ஒன்றில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பலகாரத்துக்கு வேண்டிய மாவு இருந்தது, மிகையாகச் சொல்லவில்லை. இரவு 9 மணி நேரம் விசிறி நின்றால் அந்த அளவுக்குத் தூசி மிச்சம். இன்னொன்று, இரவெல்லாம் இளஞ்சூடாக இருக்கும் பெட்டி கரப்பான் பூச்சிக்குச் சத்திரம். ஓசூர்க் குளிரில் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிருஷ்ணகிரியில் மொத்த வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் ஏழு வருடமாகச் சுவர் ஸ்விட்சை அணைத்ததே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பிளக்கைப் பிடுங்கினார். மறுநாள் சொருகினால் பெட்டி எழுந்திருக்கவில்லை. "பார்த்தீர்களா, அணைத்ததால் போயிற்று" என்று ஊரெல்லாம் சொன்னார். நடந்தது அதுவல்ல. நாம் மேலே சொன்ன அந்தக் காவலாளி 5 வோல்ட் பகுதியில் உள்ள கெப்பாசிட்டர், வருடக் கணக்காக ஓய்வில்லாமல் சூட்டில் நின்று வற்றிப்போயிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்வரை தாக்குப் பிடித்தது. ஒரு முறை ஆறிய பிறகு அதனால் மறுபடி கிளம்ப முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கியது நோயைக் காட்டிக் கொடுத்ததே தவிர நோயைத் தரவில்லை. அவருக்கு எஸ்.எம்.பி.எஸ். மாற்றியதும் சரியாகிவிட்டது, கணக்கு பத்திரமாக இருந்தது. ஆயினும் பல வருடம் அணைக்காத பெட்டி உங்களிடம் இருந்தால், அணைக்கும் பழக்கத்தைத் தொடங்குமுன் டேட்டா முழுவதையும் பென்டிரைவிலோ வேறிடத்திலோ காப்பி எடுத்துவிட்டுப் பிறகு ஸ்விட்சில் கை வையுங்கள்.

இனிக் கரண்ட் செலவைவிட முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

சுவர் ஸ்விட்சை அணைக்கச் சொல்வதற்கு நம்மைப் பொறுத்தவரை உண்மையான காரணம் பாதுகாப்புதான். மளிகைக் கடை என்பது அட்டைப் பெட்டி, சாக்கு, எண்ணெய், தீப்பெட்டி பண்டல் எல்லாம் நெருக்கி அடுக்கிய இடம். எலி இல்லாத பலசரக்குக் கடையை நாம் பார்த்ததில்லை. எலி கடித்த ஒயரில் இரவெல்லாம் கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காலுக்கடியில் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸ், அதில் சொருகிய இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ், இவற்றுக்கு ஆளில்லாத நேரத்தில் கரண்ட் கொடுத்து வைப்பதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது எர்த். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாகச் 'சுர்' என்கிறது என்று பல பழைய கட்டடக் கடைக்காரர்கள் சொல்வதுண்டு. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் ஒரு வடிகட்டிச் சுற்று இருக்கும்; அது துளி அளவு கரண்ட்டை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் ஒயரே இல்லாத கடையில் அது போக வழியின்றித் தகரப் பெட்டியிலேயே நிற்கிறது. அதுதான் அந்தச் சுர். ஷட் டவுன் செய்தாலும் இது போகாது, ஏனெனில் அந்தச் சுற்று வாசலிலேயே இருக்கிறது. சுவர் ஸ்விட்சை அணைத்தால்தான் போகும். காலையில் ஈரத் துணியோடு மேஜை துடைக்கும் பையன் முதலில் தொடுவது அந்தப் பெட்டியைத்தான். எர்த் போடாமல் அந்தச் சுர்ரை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடும் அன்பர்களே, எலக்ட்ரீஷியன் கூலி அவ்வளவு பெரிய தொகை அல்ல. அவர் வரும்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரை வெட்டுகிறதா, நியூட்ரலை வெட்டுகிறதா? அவசரத்தில் மாற்றிக் கொடுத்த கடைகள் உண்டு. நியூட்ரலை வெட்டும் ஸ்விட்சை அணைத்தாலும் பெட்டி வரை ஃபேஸ் வந்து நிற்கும்.

மூன்றாவது, நம் பகுதிக்கே உரிய வோல்டேஜ் தொல்லை. சிப்காட், சிட்கோ எனத் தொழிற்பேட்டைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பெரிய தொழிற்சாலைகளுக்குத் தனி இணைப்பு இருக்கலாம். ஆனால் தெருவுக்குள் இருக்கும் லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும் பல இடங்களில் நம் கடையும் ஒரே டிரான்ஸ்பார்மரில்தான் தொங்குகின்றன. அங்கே மோட்டார் கிளம்பினால் இங்கே டியூப் லைட் கண் சிமிட்டும். 2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. போனதைவிட வந்ததுதான் நம் சாமான்களைக் கெடுத்தது. தெரு முழுவதும் உள்ள மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் கிளம்ப, வோல்டேஜ் விழுந்து எழும். அந்த நேரத்தில் ஸ்விட்ச் போட்டே இருந்த பெட்டிகள் அத்தனை அடியையும் வாங்கின. இன்று அவ்வளவு மின்வெட்டு இல்லையென்றாலும், கரண்ட் போனால் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு நாலைந்து நிமிடம் பொறுத்துப் போடுவது நல்லது என்ற அப்போதைய பாடம் இப்போதும் செல்லும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வந்துவிடும். இரவில் அப்படி நடந்தால் அணைத்து வைத்த கடை தப்பும், அணைக்காத கடையில் காலையில் கருகிய வாசனைதான் வரவேற்கும்.

இடிக்கு மட்டும் ஸ்விட்ச் போதாது. ஆகாயத்திலிருந்து அவ்வளவு தூரம் தாண்டி வருகிற மின்னலுக்கு, ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையா? சித்திரை, வைகாசியில் சாயங்காலம் கிழக்கே கறுத்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து. ஒயரை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் பிடுங்குவது முன் கதவைப் பூட்டிவிட்டுப் பின் கதவைத் திறந்துவைப்பது போன்றது.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்படியானால் மெயினையே அணைத்துவிட்டுப் போகலாமே" என்று சிலர் கிளம்புவார்கள். ஓசூர் பாகலூர் சாலையில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அப்படித்தான் செய்தார். தீ பயம். தினமும் ஷட்டர் இறக்குமுன் கடைப் பையன் மெயினைத் தட்டிவிடுவான். ஆனால் யு.பி.எஸ்.ஸின் முன்பக்க பட்டனை யாரும் அணைக்கவில்லை. யு.பி.எஸ்.ஸுக்கு என்ன தெரியும்? கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, பூட்டிய கடைக்குள் கீக் கீக் என்று கத்திக்கொண்டே பேட்டரி தீரும்வரை உழைத்திருக்கிறது. தினம் தினம் இதே கதை. ஈயப் பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்வதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. ஒழுங்காக வைத்தால் இரண்டு மூன்று வருடம் வரக்கூடிய பேட்டரி, அவரிடம் சில மாதங்களில் படுத்துவிட்டது. இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி வாங்கி, விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "உங்கள் கடைக்குள் ராத்திரி ஏதோ குருவி கத்துகிறது" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது.

மெயினை அணைப்பதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பால், தயிர், ஐஸ்கிரீம் வைத்திருக்கும் கடையில் ஃபிரீஸர் ஓட வேண்டும். கேமரா பெட்டி இரவில்தான் விழித்திருக்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டர் மேஜைக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்விட்ச் போர்டு, கைக்கு எட்டும் உயரத்தில், தனி எம்.சி.பி.யோடு போட்டுக்கொள்வதே சரி. புதிதாகக் கடை கட்டுவோர் வயரிங் போடும்போதே சொல்லிவிட்டால் செலவு மிகக் குறைவு.

அணைக்கும் வரிசையைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலில் பில்லிங் சாஃப்ட்வேரை மூடி, அன்றைய கணக்கைக் காப்பி எடுக்க வேண்டும். நம்மில் பலர் பயன்படுத்தும் டாலி, 1986-இல் பக்கத்துப் பெங்களூரில் பிறந்த சரக்குதான். கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பறிபோனால் அதன் டேட்டாவும் சிதையும், பிறகு 'ரீரைட்' போட்டு உட்கார வேண்டும். அடுத்து ஷட் டவுன். விசிறி நின்று, பெட்டி முழுவதும் அமைதியான பிறகு மானிட்டர், பிரின்டர். அதன் பின் யு.பி.எஸ். முன்பக்க பட்டன். கடைசியாகச் சுவர் ஸ்விட்ச். காலையில் இதற்கு நேர் தலைகீழ். பெட்டியின் பின்னால் கோடும் வட்டமும் போட்ட சிறு ஸ்விட்ச் இருக்கிறதே, அதைத் தினம் தொட வேண்டியதில்லை. கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதைத் தடவப் போய் வேறு ஒயரைப் பிடுங்குவதுதான் மிச்சம். மிகப் பழைய பெட்டிகளில் அதன் அருகிலேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்சும் இருக்கும். அதைத் தெரியாமல் 115-க்குத் தள்ளிவிட்டு ஸ்விட்ச் போட்டால் 'படார்' என்று வெடித்துவிடும்.

விசிறி நின்ற பிறகு என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதத்தில் ஒரிரு நாள், ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் "புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்" என்று கேட்கும். அது எப்போதும் நாம் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரமாகத்தான் இருக்கும். பொறுமை இழந்து ஸ்விட்சைத் தட்டினால், மறுநாள் காலை பால் வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நிற்கும். அன்று ஒரு நாள் அணைக்காமல் போனால் ஆறு ரூபாய் முப்பது காசு. போகட்டும்.

சுவர் ஸ்விட்சை அணைப்பதில் ஒரே ஒரு பாதகம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மதர்போர்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சிமாஸ் பேட்டரி என்பார்கள். தேதியும் மணியும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. சுவர் ஸ்விட்ச் போட்டிருந்தால் அந்தக் கடிகாரம் காவலாளி 5 வோல்ட்டில் ஓடிவிடும். அணைத்துவிட்டால் இந்தப் பேட்டரியைத் தின்னும். ஆகவே தினம் அணைப்பவருக்கு அது சற்று முன்னதாகத் தீரும். தீர்ந்தால் என்ன? காலையில் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய் எழுந்திருக்கும். நம் சங்க அலுவலகத்திலேயே இது நடந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். 2009 ஜனவரி 1 என்று தேதியிட்டுப் பதினொரு சந்தா ரசீதுகள் போட்ட பிறகுதான் கவனித்தோம். "பழைய பாக்கியை வசூல் செய்கிறீர்களா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

சந்தா ரசீது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லை ஊர் வியாபாரிக்கு அப்படியல்ல. யஷ்வந்தபுரம் மார்க்கெட்டிலிருந்து வரும் சரக்கும், இங்கிருந்து அங்கே போகும் சரக்கும் மாநிலம் தாண்டும் சரக்கு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்த காலம் போயிற்று. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். பில்லில் ஒரு தேதி, இ-வே பில்லில் ஒரு தேதி என்று இருந்தால் வழியில் நிறுத்தும் அதிகாரிக்கு நாம் சிமாஸ் பேட்டரிக் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரக்கையும் வண்டியையும் நிறுத்தி வைக்க அவருக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இன்னொரு அடையாளமும் சொல்கிறோம்: மற்றபடி இன்டர்நெட் இருந்தும் ஜி.எஸ்.டி. தளமோ பேங்க் தளமோ "பாதுகாப்பு இல்லை" என்று திறக்க மறுத்தால், நெட்காரரைக் கூப்பிடுமுன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் அந்தத் தளங்கள் திறக்காது. சிமாஸ் பேட்டரிக்கு சி.ஆர். 2032 என்று எண். விலை மிகக் குறைவு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை சும்மாவே மாற்றிவிடலாம்.

மதிய நேரக் கேள்வி பாக்கி. ஒரு மணிக்குமேல் நாலு மணிவரை கூட்டம் இல்லாத கடைகளில் கம்ப்யூட்டரை 'ஸ்லீப்' செய்வது நல்லது. ஸ்லீப்பில் 3 வாட் அளவுதான் எடுக்கும். மூன்று மணி நேரம் வீதம் வருடத்துக்கு எழுபது யூனிட்டுக்கு மேல், எழுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். சுவர் ஸ்விட்சை அணைத்து மிச்சம் பிடிப்பதைவிட இது அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கீயைத் தட்டினால் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும், வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்லீப்பில் இருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைக்கவே கூடாது. பாதியில் விட்ட பில், சேமிக்காத கணக்கு எல்லாம் போய்விடும். யு.பி.எஸ். இல்லாத கடைக்காரர் 'ஹைபர்நேட்' போடலாம். அதில் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். கரண்ட் போனாலும் பயமில்லை. திரையில் மீன் நீந்துகிற 'ஸ்கிரீன் சேவர்' போட்டுவிட்டு மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குண்டு மானிட்டர் காலத்தில் திரை கறை படியாமல் இருக்க வந்தது. கரண்ட்டைக் குறைக்காது.

நீண்ட நாள் கடை மூடும்போது மட்டும் வேறு முறை. பங்குனியில் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு ஓரிரு நாள் மூடுவதில் பிரச்சினை இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது எல்லையில் வண்டி நின்றதும், 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் துணிக்கடை, பாத்திரக்கடைகள் வாரக் கணக்கில் பூட்டிக் கிடந்ததும் வேறு. அப்போது திறந்து பார்த்தபோது பல கடைகளில் யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் இல்லாமல் கிடக்கும் ஈயப் பேட்டரி தானாகவே கெடும். ஆகவே வாரக் கணக்கில் மூடுவதென்றால் யு.பி.எஸ்.ஸை முழுச் சார்ஜ் ஏற்றி, முன்பக்க பட்டனை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். முடிந்தால் மாதத்துக்கு ஒரு நாள் வந்து சில மணி நேரம் சார்ஜ் போடுங்கள்.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறோம், வைக்க வேண்டியதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வைக்கவும். சந்தனத்தைக் குழைத்துப் பெட்டியின் காற்றுத் துவாரத்தின் மேலேயே அப்புவதை மட்டும் தவிர்க்கவும். முன்பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது. அன்றைக்கே பெட்டியை வெளியே எடுத்து, ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் பின்பக்க விசிறித் தூசியைத் தட்டிவிடலாம். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.